நான் எழுதாத காட்சி

சரக், சரக்... கொஞ்சம் நின்று, மறுபடி சரக். சரளைக்கல்லில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது, வெளியூர் ஆள் என்று. அப்புறம்தான் உங்க தலை தெரிந்தது. உள்ளூர்க்காரன் எவனும் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று யோசிக்க மாட்டான். தள்ளிக்கொண்டு வந்து, "எங்க தெருவுக்கு ஏன்யா தண்ணி விடலை?" என்றுதான் ஆரம்பிப்பான். இருபத்திரண்டு வருஷம் ராத்திரிச் சிப்டு பார்த்தால் காதுதான் சார் கண். வாங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோடு அண்டக் கொடுத்து உட்காருங்க.

இன்னும் கொஞ்சம் தள்ளி. பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தேன், காற்று திரும்பினால் கண் எரியும். ஆறு மணிக்குச் சிப்டு மாற்றியதும் முதல் வேலை இதுதான். வாளியில் கட்டியில்லாமல் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் விடணும். கிடக்கட்டும். வாளி எங்கேயும் ஓடிப்போகாது. மோட்டாரைப் போடவும் இன்னும் நேரம் இருக்கிறது.

என்ன சொன்னீங்க, திருச்சியா? நாடகக் குழுவா? நம்ம நூலகத்து மாடியில் போட்ட நாடகத்தை நீங்க பார்த்தீங்களா! "பாலாடை"யை உங்க குழுவும் போடணுமா? சார், கொஞ்சம் இருங்க. கையைத் துடைத்துக்கொள்கிறேன்.

எட்டாவதோடு படிப்பு நின்றவன் நான். மிச்சமெல்லாம் நூலகத்துப் புத்தகம்தான். இந்த மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுவேன், விடியும்போது படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்காது, கிழித்துவிடுவேன். முதல் தடவையாக என் எழுத்தைத் தேடி ஒருத்தர் பஸ் ஏறி வந்திருக்கிறார். எந்த இடம் சார் உங்களுக்குப் பிடித்தது? சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

...அதுவா.

எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நூலகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த அம்மாவைக் கூட்டத்துக்கு நடுவுல உக்காத்தி வச்சீரு பாரும், அங்கதான்யா நீரு நிக்கீரு" என்றார். டீக்கடையிலும் அதே பேச்சு. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பொம்பளை எழுந்தாளாம், மேடையேறினாளாம், எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்ததாம். நீங்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.

சார், அது நாடகத்தில் இல்லை. நான் எழுதவில்லை. அந்தப் பொம்பளைக்கு யாரும் வேஷம் கொடுக்கவில்லை. அது எங்க அக்கா, சண்முகத்தாய்.

அதனால்தான் சொல்கிறேன், உட்காருங்க. முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் நாடகம் வேணுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணுங்க.

எங்க அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். வலது பக்கம் பூரா போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கையில் ஒரு ஸ்பூன், தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர். தண்ணீர் வேணும், ஈரமாகிவிட்டது, கொசு கடிக்கிறது, எதுவானாலும் டங், டங், டங். நம்ம நாடகம் அந்தச் சத்தத்தில்தானே ஆரம்பிக்கிறது, விளக்குப் போடுகிறதுக்கு முன்னால்? அது நிஜம். அப்படி ஆறு வருஷம்.

அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்றே வருஷம், மச்சான் லாரி விபத்தில் போய்விட்டார். பிள்ளையில்லை. வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ராத்திரி வீட்டில் இல்லாதவனுக்கு யார் சார் பெண் கொடுப்பார்கள்? ஆக, அம்மாவுக்கு நாங்க ரெண்டு பேர். ரெண்டு பேருமாகத்தான் பார்த்துக்கொண்டோம். இதை நீங்க மனசில் வாங்கிக்கணும், ஏனென்றால் ஊரில் ஒருத்தர்கூட இதைச் சொல்வதில்லை. ரெண்டு பேருமாக. ராத்திரி அக்கா, பகல் நான்.

இல்லை, பகலில் நான் வீட்டில்தானே இருந்தேன்? காலையில் ஏழு மணிக்குப் போவேன், குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணிக்கு எழுவேன். தூங்கினால் என்ன சார், ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். ஆம்பிளை ஒருத்தன் வீட்டில் படுத்திருக்கிறான் என்றாலே அது ஒரு தைரியம் இல்லையா? அக்கா பகலிலும் முழித்துத்தான் இருப்பாள். அது அவள் சுபாவம். சும்மா உட்காரத் தெரியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைத் திருப்பிப் போடுவாள், முதுகில் பவுடர் போடுவாள், துணியை அலசுவாள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், "நீயும் கொஞ்சம் கண்ணசரேன் அக்கா" என்று. அவ்வளவுதானே நாம் சொல்ல முடியும்?

எனக்கு அந்த டங் டங்தான் பெரிய கஷ்டமாக இருந்தது. பகல் தூக்கம் கண்ணாடி மாதிரி சார், லேசாகத் தட்டினாலே உடைந்துவிடும். ரெண்டு நாள் கத்திவிட்டேன். யாரையும் பார்த்து இல்லை, பொதுவாக. மூன்றாம் நாள் அக்கா என் பழைய வேட்டியைக் கிழித்து ஸ்பூனில் சுற்றிவிட்டாள். அதற்கப்புறம் எனக்குக் கேட்கவே இல்லை. எப்படித்தான் அவளுக்கு மட்டும் கேட்டதோ.

நாடகத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் மகன் எழுந்து ஓடுகிறான் என்று நீங்க கேட்கலாம். நாடகம் என்றால் அப்படித்தான். நடந்ததை எழுதுவதா, மனசில் இருந்ததை எழுதுவதா? மனசில் நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் அந்தக் கல்யாணம். அம்பாசமுத்திரத்தில் சித்தப்பா பேத்திக்கு. அக்கா வரமாட்டேன் என்றாள். நான்தான் வற்புறுத்தினேன். "ஆறு வருஷமா தெருமுனையைத் தாண்டலை. போய்ட்டு வா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். ரெண்டு நாள் லீவு போட்டேன் சார், என் சர்வீசில் அது பெரிய விஷயம். அவளிடம் இருந்த ஒரே பட்டுச் சேலை, கல்யாணச் சேலைதான், மச்சான் வீட்டில் எடுத்தது. அதை உடுத்திக்கொண்டு வாசலில் நின்று ஆயிரம் சொன்னாள். கஞ்சி இப்படிக் கரை, அப்படி வை, இந்த மாத்திரை, அந்த மாத்திரை. நான் ராத்திரிச் சிப்டு முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். காதில் பாதி விழுந்தது, பாதி விழவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி ஸ்விட்சு போர்டுக்குப் பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டுத்தான் போனாள். "படிச்சிரு நாயகம். நீதான் எல்லாத்தையும் படிக்கிற ஆளாச்சே" என்றாள். என் பெயர் கோமதிநாயகம். அவளுக்கு நாயகம்.

நான் நாலு மணி நேரம் தூங்கி எழுந்தேன். ஸ்பூனில் துணியைச் சுற்றியிருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கேட்டது. நிஜமாகக் கேட்டது சார். எழுந்து ஓடினேன். அந்த ஒரு தடவை, நாடகத்தில் வருகிற மாதிரியே.

அக்கா கரைக்கிற கஞ்சியைப் பார்த்திருக்கிறேன். பசை மாதிரி இருக்கும், போஸ்டர் ஒட்டலாம். வாய் கோணிப்போன மனுஷிக்கு அதை எப்படிக் கொடுக்கிறாள் என்று எனக்கு எப்போதுமே பாவமாக இருக்கும். நான் நல்லா தண்ணியாக, பால் மாதிரிக் கரைத்தேன். வடிகட்டினேன். அப்போது அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அடியில் அந்தப் பாலாடை. தெரியுமில்லையா, பச்சைப்பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டுப் பால் புகட்டுகிற சின்னக் கிண்ணம், முன்னால் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். வெண்கலம். எனக்குப் புகட்டியது. அம்மா சொல்லியிருக்கிறாள், நான் குறைமாசத்தில் பிறந்தவன், மார்பில் குடிக்கத் தெம்பில்லாமல் மூன்று மாசம் அதிலேயே வளர்ந்தவன் என்று.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது சார். நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவள் எனக்கு எப்படிச் செய்தாளோ, அப்படியே நான் அவளுக்கு. கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முகம் மேலே பார்த்து இருந்தது. பாலாடையை வாய் ஓரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அம்மா என்னையே பார்த்தாள். லேசாக இருமினாள். இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், இறுக்கி. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். ஆறு வருஷத்தில் அக்காவைப் பார்த்து ஒரு நாள் அப்படி அழுததில்லை. என்னைப் பார்த்து அழுதாள். நானும் அழுதுகொண்டேதான் புகட்டினேன். ஒரு டம்ளர் கஞ்சி, ஒரு சொட்டு சிந்தவில்லை.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதனால்தான் நாடகத்துக்கே அந்தப் பெயர்.

அக்கா மறுநாள் சாயந்திரம் வந்தாள். சேலையைக்கூட மாற்றவில்லை, அம்மா நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "என்னல, கர்கர்னு இழுக்கு? எப்படிக் குடுத்த?" என்றாள். "நல்லாக் குடிச்சா. நீ குடுத்தாகூட இப்படிக் குடிக்க மாட்டா" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல். நாலாம் நாள் ஆஸ்பத்திரி. அந்த டாக்டர் சின்னப் பையன், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆகாரம் நுரையீரலுக்குள்ள போயிருக்கு. யாரு ஊட்டினது?" என்றார். அக்கா, "நான்தான் சார்" என்றாள். சரிதானே, ஆறு வருஷமாக அவள்தானே. ஏழாம் நாள் அம்மா முடிந்துவிட்டாள். வயசும் ஆகியிருந்தது. எழுபத்தாறு.

துக்க வீட்டில் பேசுவதற்கு ஆளா இல்லை? எதிர்வீட்டுக்காரி, கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "மகா ராசாத்தி பட்டு உடுத்திக் கல்யாணத்துக்குப் போனா. ஆத்தாளைத் தூக்கிக் குடுத்துட்டா." அக்கா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கால் விரலைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. துக்க வீட்டில் என்னவென்று பேசுவது?

பதினாறு முடிந்து ஒரு வாரத்தில் அக்கா மதுரைக்குப் போய்விட்டாள். முதியோர் இல்லம் ஒன்றில் ஆயா வேலை. இங்கே ஆறு வருஷம் பார்த்தது போதாதென்று அங்கேயும் அதே வேலை! "ஏன்க்கா? நம்ம வீடு இருக்கு, என் சம்பளம் இருக்கு" என்றேன். "இங்க எனக்கு என்ன வேலை நாயகம்?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது பொங்கவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் சார் எனக்குப் பகலில் தூக்கமே போயிற்று. வீடு அவ்வளவு அமைதி. துணி சுற்றிய ஸ்பூன் தட்டினால் ஒரு பொத்துப் பொத்தென்ற சத்தம் வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, அது நின்றபிறகுதான் தெரிந்தது. படுத்துக்கொண்டு அதைத் தேடுவேன். பல்லி சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு மாவு கிரைண்டர் கேட்கும். அது மட்டும் கேட்காது. ஒரு நாள் நானே எழுந்துபோய் அம்மா கட்டிலில் படுத்துத் தட்டிப் பார்த்தேன். யார் வரப்போகிறார்கள்?

அப்போது எழுத ஆரம்பித்தேன். எட்டு மாசம். யாருக்காக என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன், அக்காவுக்காக. அவள் வந்து முன்னால் உட்கார்ந்து பார்க்கணும். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லணும். "நீயும்தாம்ல பார்த்த." அவ்வளவுதான். வேறு யார் சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை. அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதானே மிச்சம்.

நம்ம வாசகர் வட்டத்து ஆட்கள்தான் நடித்தார்கள். மகன் வேஷம் ஜெராக்ஸ் கடை இஸ்ரவேல். அம்மா வேஷம் ரிட்டையர் ஆன திலகவதி டீச்சர். டீச்சருக்கு வசனமே இல்லை என்று முதலில் கோபம்: "முப்பத்தஞ்சு வருஷம் வாயால பொழச்சவளுக்கு ஊமை வேஷமா?" அப்புறம் ஸ்பூனை வாங்கித் தட்டினார்கள் பாருங்க, அப்படியே எங்க அம்மா. தையல்கடை மும்தாஜ்தான் அக்கா வேஷம். சின்ன வேஷம். வருவாள், துவைப்பாள், பட்டு உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போவாள். அவ்வளவுதான். மும்தாஜ்கூட ஒரு நாள் கேட்டாள், "அண்ணே, இந்த அக்கா எப்பண்ணே தூங்குவாங்க?" என்று. நான், "அது கதைக்கு வேண்டாம்மா" என்றேன்.

ஒத்திகையில் ஒரு சின்ன விஷயம். பாலாடைக் காட்சியில் இஸ்ரவேல் நிஜத் தண்ணீரையே ஊற்றினான். டீச்சருக்குப் புரையேறிப் பத்து நிமிஷம் இருமல். கண்ணெல்லாம் சிவந்து, பொலபொலவென்று தண்ணீர், அவன் சட்டையைப் பிடித்து இழுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "என்னைக் கொல்லவா பாக்குற? மல்லாந்து கெடந்தா எப்படிப்பா முழுங்க?" என்று ஒரே சத்தம். அதற்கப்புறம் வெறும் பாலாடையை வைத்து நடித்தோம். நான் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. டீச்சருக்கு நாடகம் புதுசு, பதற்றம் என்றுதான் நினைத்தேன்.

போன மாசம் ஞாயிற்றுக்கிழமை, சாயந்திரம் நாலு மணி. அதுதான் உங்களுக்குத் தெரியுமே, மாடி நிறைந்து படிக்கட்டெல்லாம் ஆள். அக்கா வருவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அழைப்புப் பத்திரிகையில் "உனக்காக எழுதியது" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தேன். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு வந்தாள். வேலைக்குப் போகிற அதே சாயம்போன சேலை, கையில் வயர் கூடை. மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் திரைக்குப் பக்கத்திலிருந்து மேடையைப் பார்க்கவே இல்லை சார். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் டங் டங் கேட்டதும் பாதி எழுந்துவிட்டாள். பழக்கம். அப்புறம் உட்கார்ந்துகொண்டாள். மகன் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடுகிறதைப் பார்த்தாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. மும்தாஜ் பட்டுச் சேலையில் கிளம்புகிறபோது குனிந்து கூடையைச் சரிபண்ணிக்கொண்டாள். நாடகத்தில் துக்க வீடுதான் முதலில் வரும், அப்புறம்தான் மகன் நினைத்துப் பார்க்கிற மாதிரி பாலாடைக் காட்சி. எதிர்வீட்டுக்காரி வசனத்தை நான் அப்படியே வைத்திருந்தேன், "ஆத்தாளைத் தூக்கிக் குடுத்துட்டா." கூட்டத்தில் ரெண்டு மூன்று பேர் உச்சுக் கொட்டினார்கள். அக்கா அசையவில்லை.

அதற்கப்புறம் இஸ்ரவேல் பாலாடையை எடுத்தான். டீச்சர் தலையை மடியில் போட்டான். முகம் மேலே. பின்னால் புல்லாங்குழல், நான் பதிந்து வைத்திருந்தேன். அவன் பாலாடையைச் சாய்க்கிறான்.

"ஏல! தலையத் தூக்குல!"

எனக்கு முதலில் யார் குரல் என்றே தெரியவில்லை. "மல்லாக்கப் போட்டு ஊத்தாத! பொறையேறிரும்ல! தூக்கு, தூக்கு!" அக்கா எழுந்துவிட்டாள். கூடை உருண்டு ஒரு டிபன் டப்பா தரையில் ஓடியது. மேடைப் படிக்கிட்ட வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டாள் சார், வீட்டுக்குள் வருகிற மாதிரி. இஸ்ரவேலைத் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டாள். டீச்சர் முதுகுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, தாடையைத் தொட்டு நெஞ்சைப் பார்த்துக் குனியவைத்தாள். தலைமாட்டில் இருந்த ஸ்பூனை எடுத்தாள். வெறும் ஸ்பூன்தான், பாதி ஸ்பூன் கஞ்சி இருக்கிற மாதிரி பிடித்து, வாயோரத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். தொண்டையில் ரெண்டு விரலால் தடவினாள். "முழுங்கிட்டியாம்மா? எங்க, ஆ காட்டு. மெதுவா. யாரும் அவசரப்படுத்தலை." அப்புறம் அடுத்த ஸ்பூன். அப்படி நாலு. திலகவதி டீச்சர், எவ்வளவு பேசுகிற மனுஷி, குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டினார்கள். அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். புல்லாங்குழல் நின்று போயிருந்தது. 

அப்புறம்தான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்தாள். கையில் இருந்த ஸ்பூனைப் பார்த்தாள். கீழே கிடந்த பாலாடையையும் பார்த்தாள், அதைக் கொஞ்சம் அதிக நேரம். இறங்கினாள், செருப்பைப் போட்டாள், உட்கார்ந்தாள். அந்தக் கைதட்டலைத்தான் நீங்க கேட்டீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எட்டு மாசம் எழுதினேன். அம்மா அழ வேண்டிய இடம், மகன் அழ வேண்டிய இடம், எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் கலைத்துவிட்டாள். அதற்குப் போய்க் கைதட்டல்!

முடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். நின்றிருந்தாள்.

"எப்டிக்கா இருந்திச்சு?"

"அந்தப் பாலாடை எங்கல கெடந்திச்சு?"

"டிரங்குப் பெட்டியில. நீ கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு எடுத்தேன்."

"அன்னைக்கா?"

"ஆமா. நாடகத்துக்குன்னு சேர்த்ததுன்னா நெனைச்ச? நெசமா நடந்ததுக்கா. அப்படியேதான் குடுத்தேன். நீயாவது நம்பணும்."

 ஒரு பஸ் வந்து போயிற்று, அது தென்காசி. கையை நீட்டி, "அதை என்கிட்ட குடுத்துரு" என்றாள். என் சட்டைப் பையில்தான் இருந்தது. வாங்கி முந்தானையில் சுற்றிக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அம்மா ஞாபகமாகக் கேட்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லப்போகிறாள், அந்த வார்த்தையைச் சொல்லப்போகிறாள் என்று நான் நின்றேன்.

"சாப்பிட்டியாடே?" என்றாள்.

மதுரை பஸ் வந்தது. படியில் ஏறி நின்றுகொண்டு, "அடுத்த தடவை போடும்போது தலையத் தூக்கி வைக்கச் சொல்லு. ஸ்பூன்ல குடுக்கச் சொல்லு. நீ அப்படித்தான் குடுத்தேன்னு வச்சுக்க" என்றாள். போய்விட்டாள். ஒரு மாசமாகிறது. போன் பண்ணினால் எடுப்பாள். நான்தான் பண்ணவில்லை.

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கலாம் இல்லையா சார்? ஒரு வார்த்தைதானே?

அன்றைக்கு வீட்டுக்குப் போய் லைட்டைப் போடக் கையை வைத்தால், அந்தத் தாள். ஒன்றே முக்கால் வருஷமாக ஸ்விட்சு போர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் அதற்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் சுவிட்சைப் போடுகிறேன். கடலை மடித்துத் தருகிற தாளைக்கூட விடாமல் படிக்கிறவன், அதைப் படித்ததில்லை. அன்றைக்குப் படித்தேன். முதல் வரி, "படுக்க வச்சுக் குடுக்காத, நெஞ்சுக்குப் போயிரும்." அடியில் கோடு போட்டிருந்தாள், ரெண்டு கோடு. அடுத்தது, "தண்ணியாக் கரைக்காத." அப்புறம் மாத்திரை. கடைசி வரி, "உனக்குச் சோறு உறிச்சட்டிக்குக் கீழ மூடியிருக்கு. ரசம் சுட வச்சுக்க."

அதில் ஒன்றும் இல்லை சார். எல்லாருக்கும் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறாள்.

ஒரே ஒரு வேளை. ஆறு வருஷத்தில் எத்தனை வேளை ஆகாரம் போயிருக்கும்! அதில் ஒரு வேளை. ஒரு டம்ளர். அதில் என்ன ஆகிவிடும்? நீங்க படித்தவர், நாலு ஊர் பார்த்தவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

வேண்டாம். சொல்லாதீங்க.

ஏன் சார் தரையையே பார்க்கிறீங்க? அது தண்ணீர்க் கசிவுதான், வால்வில் வாஷர் போய்விட்டது.

நாடகத்தை எடுத்துக்கங்க. இந்த நோட்டுதான், வேறு நகல் இல்லை. பத்திரமாகப் பாருங்க. அந்தப் பொம்பளை எழுந்து வருகிற இடத்தையும் போட்டுக்கங்க. யாரை நடிக்க வைத்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறச் சொல்லுங்க. பாலாடை நீங்கதான் வாங்கிக்கணும், பாத்திரக் கடையில் கிடைக்கும். அப்புறம்... இங்கே கொடுங்க, ஒரு நிமிஷம். அந்தப் பேனாவையும் கொடுங்க. எதிர்வீட்டுக்காரி வசனம், இதோ, பன்னிரண்டாம் பக்கம். "ஆத்தாளைத் தூக்கிக் குடுத்துட்டா." இதை அடித்துவிடுகிறேன். ஒரு கோடு போதாது, அடியில் தெரிகிறது. இன்னொன்று போடுகிறேன். இப்போது வாசிக்க முடியாதே? சரி. எதிர்வீட்டுக்காரி சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். ஏன் என்று யாராவது கேட்டால், எழுதினவன் அடித்துவிட்டான் என்று சொல்லுங்க.

ஏழு மணி பஸ் போனால் அடுத்தது எட்டரைக்குத்தான். கிளம்புங்க. போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போங்க, மாடு வந்துவிடும்.

அந்தக் குச்சியை இப்படி எடுத்துக் கொடுங்க சார். வாளிக்குப் பின்னால் கிடக்கிறது. பேசிக்கொண்டே இருந்ததில் எல்லாம் அடியில் கட்டிப்பட்டுப் போயிற்று. மறுபடி முதலில் இருந்து கரைக்கணும்.